பிசிறு யார் பக்கம்?

"என் ஆலை மிஷின் வெட்டுற அலுமினியத் தகட்டை இவ மரம் அறுக்கிற ரம்பத்துல வெட்டுவாளாம்! ஒரு பிசிறு இருந்தாலும் இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும்," என்று உறுமினார் வீட்டுக்கார முதலாளி மாசிலாமணி. தன் ஆலையில் வெட்டிய விரல் தடிமன் தகடு ஒன்றையும் முன்னால் போட்டார்.

அவர் வீட்டில் குடியிருந்து மரவேலை செய்யும் அஞ்சலை தகட்டை மேசையோடு இறுக்கினாள். அலுமினியம் அப்பாமலிருக்க ரம்பப் பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்தாள். ரம்பம் அலறியது. தகடு இரண்டானது.

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க முதலாளி. கண்ணு ஓரவஞ்சனை பண்ணும், விரல் பண்ணாது," என்று ஒரு துண்டை நீட்டினாள்.

கண்ணை மூடித் தடவினார். ஒரு விளிம்பு வழவழவென்றிருந்தது. எதிர் விளிம்பு விரலைக் கீறி ரத்தம் பார்த்தது.

"இதுதான் உன் லட்சணம்! கட்டு மூட்டையை!"

"கண்ணைத் திறங்க முதலாளி. அது உங்க மிஷின் வெட்டின பக்கம். மெழுகுவத்தி மிச்சம் இருக்கு, ஆலைக்கு எடுத்துட்டுப் போங்க."