சபைக்கு வெளியே ஒரு பாலம்

வேங்கைமலை சமஸ்தானத்து ராஜா விசயகண்டருக்கு ரயில் பைத்தியம். சாதாரணப் பைத்தியம் இல்லை. அரண்மனை வாசலிலிருந்து ஆற்றின் அக்கரை வரை தனக்கென்று தண்டவாளம் போட்டு, அதன் சரித்திரத்தை எழுத ஒரு சபை வைத்து, அந்தச் சபைக்கு ஒரு பத்திரிகையும் நடத்துகிற பைத்தியம். சபையில் சேர என்ன தகுதி? தலைப்பாகை இருந்தால் போதும். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

பத்திரிகாசிரியர் மாசிலாமணி. வாய்த்துடுக்கும் மூளையும் சேர்ந்தே அமைந்தவர் அந்த அரண்மனையில் அவர் ஒருவர்தான். அவருடைய நாற்காலி மேல் சபைச் செயலர் பூவராகருக்கு ரொம்ப நாளாகக் கண்.

புது எஞ்சின் வந்தது. ராஜாவும் சபையாரும் அதில் முதல் சவாரி போய்வந்தார்கள். அக்கரையில் குடியிருக்கும் செல்லத்தாயி என்கிற அம்மாள், அந்த எஞ்சின் பாலம் கடந்ததை எழுதி அனுப்பினாள். படித்த மாசிலாமணிக்குக் கரிப்புகை மூக்கில் ஏறியது. பூவராகர் அதைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இவள் உறுப்பினரா?"

"இல்லை. ஆனால் நன்றாக எழுதுகிறாள்."

"அதெல்லாம் ஒரு தகுதியா?"

வெளியாருக்கென்று பூவராகர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "கிடைத்தது. இடமில்லை. வருந்துகிறோம்." செல்லத்தாயிக்கும் அதுவே போயிற்று.

அத்தோடு விட்டாரா? ராஜாவின் காதிலும் போட்டார்.

"நம் சபைப் பத்திரிகையில் ஊரார் எழுத்து எதற்கு?" என்றார் ராஜா. "இந்த இதழ் முழுக்க உறுப்பினர்கள்தான் எழுத வேண்டும். ஆனால் என் எஞ்சின் பாலத்தில் போன அழகு, கண்ணால் பார்த்த மாதிரி வரணும். வராவிட்டால், மாசிலாமணி, உன் நாற்காலி பூவராகருக்கு."

கட்டுரைகள் குவிந்தன. மாசிலாமணி ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் அச்சடித்து ராஜாவின் முன்னால் வைத்தார்.

ராஜா புரட்டினார். முதல் கட்டுரை, ரயிலில் கொடுத்த பாதாம் அல்வா. அடுத்தது, அல்வாவில் நெய் போதவில்லை. அதற்கும் அடுத்தது, ஜன்னலோர இடத்துக்கு நடந்த சண்டை. மகாராஜாவுக்கு எதிரே தான் உட்கார்ந்த பெருமையைப் பூவராகர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

"எஞ்சின் எங்கே? பாலம் எங்கே?" ராஜா கத்தினார்.

"மாசிலாமணி வெட்டிவிட்டான், பிரபு!" என்றார் பூவராகர்.

"இன்னொரு தடவை போய்விடலாமே, மகாராஜா?" என்றார் மாசிலாமணி. "பார்த்துப் பார்த்து அங்கேயே எழுதட்டும்."

போனார்கள். பாலம் வந்ததும் அத்தனை தலைப்பாகைகளும் ஜன்னல் வழியே நீண்டன. முன்னால் வெறும் புகை. பூவராகர் தலையை உள்ளே இழுத்தபோது அவர் முகம் தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. ராஜா தானும் எட்டிப் பார்த்து, இருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கரையில் ரயில் நின்றது. "எல்லாரும் கொஞ்சம் இறங்குங்கள்" என்ற மாசிலாமணி, டிரைவரின் காதில் ஏதோ சொன்னார். காலி ரயில் வந்த வழியே திரும்பிப் புறப்பட்டது.

அப்போதுதான் ராஜா தன் ரயிலைப் பார்த்தார். பாலம் அதிர்ந்தது. எஞ்சினின் பித்தளை வெயிலில் தகதகவென்றது. ஆற்றுத் தண்ணீரில் இன்னொரு ரயில் தலைகீழாக ஓடியது.

"அடடா! இது என்னுடையதா? அன்றைக்கு இதை யாருமே பார்க்கவில்லையே!"

"இங்கே நின்ற ஒருத்தி பார்த்தாள், மகாராஜா. நீங்களெல்லாம் உள்ளே அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்."

ரயில் மறைந்தது. வெயில் ஏறியது. ரயில் வரவில்லை.

"எப்போதடா வரும்?"

மாசிலாமணி பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "திரும்பி வரச் சொல்ல மறந்துவிட்டேன், மகாராஜா."

நல்ல வேளையாக ஒரு மாட்டுவண்டி வந்தது. ஓட்டி வந்தவள் செல்லத்தாயி. "அன்றைக்குப் பார்த்து எழுதியது இந்த அம்மாதான்" என்றார் மாசிலாமணி.

"அம்மா, எங்களை அரண்மனையில் விட முடியுமா?" என்றார் ராஜா.

செல்லத்தாயி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க மகாராஜா. இது எங்க வீட்டு வண்டி. வெளியாளை ஏத்தற வழக்கமில்லை."

ராஜா ஒரு கணம் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "மாசிலாமணி, நாற்காலியில் நீயே உட்கார்! இந்த அம்மாவின் கட்டுரைதான் முதல் பக்கம். இனி யார் எழுதினாலும், நன்றாக இருந்தால் போடு!"

"அப்படின்னா ஏறுங்க" என்று செல்லத்தாயி வைக்கோலை ஒதுக்கினாள். ராஜா ஏறினார். மாசிலாமணி ஏறினார். மற்றவர்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். கடைசியாகப் பூவராகர் காலைத் தூக்கினார்.

"நில்லுங்க ஐயா. எனக்கு வந்த பதில்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமாம், அதனாலென்ன? நானும் வரணும்னு கேட்கிறேனே!"

செல்லத்தாயி மாட்டைத் தட்டினாள்.

"கிடைச்சுது. இடமில்லை. வருந்தறோம்."