மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது அடி

நெல்லைநாயகம் ஓடி வந்தார். அறுபத்தாறு வயதான அவர் ஓடி அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"அம்மா! இன்னைக்கும் அதே கணக்குதான். மூவாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு. பதினோரு நாளா ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல!"

உலகம்மை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்து மூன்றுதான். அவருடைய சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லாரும் அவரை அம்மா என்பார்கள். அவர் மூத்தவர்களை அண்ணாச்சி, மதினி என்பார்.

"முதல்ல மூச்சு வாங்குங்க அண்ணாச்சி. ஆறு எங்கயும் போயிராது."

அது பழைய ஜமீன் தோட்டம். கடைசி ஜமீன்தார் அதை உலகம்மையின் குருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அரண்மனைக் கூரை விழுந்துவிட்டது. பாதை மட்டும் அப்படியே இருந்தது. வளைவு வாசலில் தொடங்கி, குதிரை லாயத்தைத் தாண்டி, ஆற்றங்கரை மருத மரங்களுக்குக் கீழே போய், படித்துறை, ராணியின் ஊஞ்சல் மண்டபம், மாந்தோப்பு என்று சுற்றி, அதே வாசலுக்குத் திரும்பும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பௌர்ணமிதோறும் ஊரார் காலையில் வந்து அந்தச் சுற்றை நடப்பார்கள். சீடர்களில் ஒருவர் முன்னால் நடப்பார். சுற்று முடிந்ததும் அவர்தான் வாசலில் தொங்கும் வெண்கல மணியை அடிப்பார். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு நெல்லைநாயகம் கூச்சத்தோடு கேட்டார். "நான் எப்போ முன்னால நடக்கலாம் அம்மா?"

"சுற்று தெரிஞ்ச அன்னைக்கு வந்து சொல்லுங்க."

அன்றிலிருந்து அவர் சுற்றின் காலடிகளை எண்ணினார். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எதையும் எண்ணாமல் அவருக்குத் தெரிந்துகொள்ளத் தெரியாது. தினமும் விடியலில் முதல் ஆளாக நடந்து, மொத்தத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தார். ஒருநாள் நாற்பது கூடும், ஒருநாள் இருபது குறையும். இப்போதுதான் பதினோரு நாளாகக் கணக்கு கல்லாக நிற்கிறது. நாளை பௌர்ணமி.

"எனக்குச் சுற்று தெரிஞ்சிட்டு அம்மா" என்றார்.

உலகம்மை வாளியைக் கீழே வைத்தார். "வாங்க, நடந்து பார்த்துருவோம்."

நடந்தார்கள். மலையில் மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. நெல்லைநாயகத்தின் வாய் எண்ணிக்கொண்டே வந்தது.

"லாயம், நானூத்திப் பத்து. படித்துறை, ஆயிரத்து நூத்தி இருபத்தெட்டு."

"அண்ணாச்சி, அங்க பாருங்க!" உலகம்மை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நீர்நாய்கள் பாறையில் ஏறி ஒன்றையொன்று தண்ணீரில் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன.

அவர் எண்ணிக்கை நழுவாமல் விரலை மடக்கிக்கொண்டு பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மூணு" என்றார்.

"அதையும் எண்ணியாச்சா?"

"தானா வந்துட்டும்மா."

ஊஞ்சல் மண்டபத்தின் முன்னால் கரை இடிந்து கிடந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். பாதை மண்டபத்துக்குப் பின்புறமாக நேரே போனது.

"இது இடிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"ஆறு நாள். முந்தி வளைஞ்சு போவோம், இப்போ நேரா போறோம். அப்பவும் நம்ம கணக்கு அசையல பாத்தீங்களா!"

உலகம்மை இடிந்த கரையை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார்.

மாந்தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பிச்சம்மாள் மதினி துடைப்பத்தை ஊன்றி நின்றாள். அவளும் சீடர்தான். "என்ன டைம் கீப்பரே, வண்டி ரைட் டைமா?"

"ரைட் டைம்!" என்று கத்தினார். அப்படிக் கத்தியதில் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

தோப்பு முடிந்தது. இனி வாசல்வரை வெறும் மணல். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரிந்துகொள்ள ஜமீன் காலத்துக் காவல்காரர்கள் அந்த மணலைச் சாயங்காலம் சமமாகப் பரம்பி வைப்பார்களாம். காவல்காரர்கள் போன பிறகும் வழக்கம் போகவில்லை. இப்போது பிச்சம்மாள் பரம்புகிறாள்.

உலகம்மை மணலின் ஓரத்தில் கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

"இப்போ எத்தனை?"

"மூவாயிரத்து முந்நூத்தி எழுபத்தொண்ணு."

"கரை இடியிறதுக்கு முந்தி, இதே இடத்துல?"

"முந்நூத்தி எண்பது" என்றார் உடனே. சொன்ன பிறகு வாய் மூடவில்லை.

மணலில் இன்று காலைத் தடங்கள் இருந்தன. ஒரே ஆளுடையவை. தொடக்கத்தில் ஓரளவு விரிந்து, போகப் போகக் குறுகி, வாசல் பக்கத்தில் குதிகால் மேல் விரலாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"யாரு இவரு? பாவம், கால்ல முள்ளு ஏறினவர் மாதிரி நடந்திருக்காரே" என்றார் உலகம்மை.

நெல்லைநாயகம் அந்தத் தடங்களை எண்ணினார். நாற்பத்தொன்று. முன்பெல்லாம் அந்த மணல் அவருக்கு முப்பத்திரண்டு அடி. மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்றுதான்.

பேருந்து நிலையத்து நாட்கள் நினைவுக்கு வந்தன. நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட வண்டியை ஊர் எல்லை டீக்கடையில் நிறுத்திவிட்டு, பிறகு ஊர்ந்து ஊர்ந்து வந்து, சரியான நிமிடத்தில் உள்ளே நுழையும் டிரைவர்கள். பயணிகளின் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். ஒருவரையும் விட்டதில்லை. எத்தனை பேரை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார்!

"நான் வேணும்னு செய்யல அம்மா" என்றார். "கால் தானா செஞ்சிருக்கு."

"தெரியும் அண்ணாச்சி."

"பதினோரு நாள்னு ஓடி வந்தேன். கடைசி ஆறு நாளும் பொய்."

வாசலில் மணி காற்றில் லேசாக ஆடியது. நெல்லைநாயகம் அதைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார்.

"நாளைக்கு வேற யாரையாவது முன்னால நடக்கச் சொல்லுங்க. நான் கடைசியில வாறேன்."

"அது நாளைக்கு. இன்னைக்குச் சுற்றே இன்னும் முடியலயே. எழுபத்தொண்ணுல நிக்கோம். நடங்க."

அவர் காலை எடுத்து வைத்தார். அது குறுகப் பார்த்தது. அவருக்கே தெரிந்தது. நிறுத்தி, மூச்சை இழுத்து, படித்துறைப் பக்கம் நடந்த அதே வீச்சில் வைத்தார். எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று. தன் காலைத் தானே காவல் காத்துக்கொண்டு நடப்பது இதுதான் முதல் முறை. காலைத் தடங்களுக்குப் பக்கத்திலேயே புதுத் தடங்கள் அகல அகல விழுந்தன. தொண்ணூறு. நானூறு. வாசல் அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. பன்னிரண்டு இன்னும் வரவில்லை. வாசல் வந்துவிட்டது.

ஒரு கால் வாசல் கல்லிலும் ஒரு கால் மணலிலுமாக நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"மூவாயிரத்து நானூத்தி மூணு அம்மா!" சந்தோஷத்தில் கத்திவிட்டார். "ஒன்பது குறையுது. அதுக்கு மேல ஒரு அரை அடி மிச்சம் நிக்குது. அதை எதுல சேர்க்க?"

"வாசல் வந்துட்டா?"

"வந்துட்டு."

"அப்போ மணியை அடிங்க அண்ணாச்சி."