பீரோவில் இருந்த விஸ்கி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. பலராமன் காதில் விழுந்தால் மனுஷன் மறுபடியும் வாயைப் பிளந்துவிடுவார்.

புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துச் சந்தில் பிலோமினா ஒரு சின்ன பார் வைத்திருந்தாள். நாற்பது வயது. முன்னால் கேட்டரிங் காலேஜில் காக்டெயில் கலக்கச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் ஊருக்கே அவள் டீச்சர்.

பலராமன் சர்வே ஆபீசில் ரிட்டையர் ஆனவர். முறையாகக் குடிக்கக் கற்க, அறுபத்திரண்டு வயதில் அவளிடம் மாணவராகச் சேர்ந்தார்.

குடிப்பதில் அவருக்கு அத்தனை ஒழுங்கு. அளந்து ஊற்றுவார். மோதிர விரலை நனைத்து மூன்று சொட்டு தரையில் சுண்டுவார். அப்புறம்தான் வாயில் வைப்பார். பக்கத்து மேஜையில் யாராவது சிரித்தால் திரும்பி முறைப்பார்.

ஒருநாள் மதியம் வந்தவர் கிளாசைத் தொடவில்லை.

"எல்லாம் கத்துக்கிட்டேன் டீச்சர். சந்தோஷம் மட்டும் வரலை."

அவள் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டாள்.

கொட்டிவிட்டார். கூட்டாளி சவரிநாதன் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து ஒரு விஸ்கி வாங்கிவந்தான். நல்ல நாள் பார்த்து ரெண்டு பேரும் திறப்பதாகப் பேச்சு. பிரமோஷன் வந்தது. சின்ன விஷயம் என்று இவர் விட்டுவிட்டார். மகள் கல்யாணம் வந்தது. கூட்டம் என்று விட்டுவிட்டார். இப்போது சவரிநாதனுக்குச் செவ்வாய்க்கிழமை நெஞ்சில் ஆபரேஷன். ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அவன் திரும்பி வருவானோ என்னவோ. ஒருநாள்கூட அவனோட உட்கார்ந்து அதைக் குடிக்கலையே டீச்சர்."

பாட்டில் எங்கே என்றாள்.

பீரோவில், பெட்டிக்குள், பட்டுத் துணி சுற்றி. காற்றுப் படக் கூடாதென்று அவர் ஒருமுறைகூடத் துணியைப் பிரித்ததில்லை. மாதம் ஒருதரம் பெட்டியைத் தூக்கி, கனம் பார்த்து வைப்பதோடு சரி.

"ஞாயித்துக்கிழமை ரெண்டையும் கூட்டிட்டு வாங்க சார். பாட்டிலையும், அவரையும்."

டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினார். அவள் கிளாஸ் துடைக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை பதினொரு மணி. சவரிநாதன் இளைத்துப்போயிருந்தார். ஆனாலும் வாசலில் இருந்த நாய்வரைக்கும் எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?"

பிலோமினா துணியைப் பிரித்தாள். மூடிமேல் சீல் இல்லை. கார்க் ரெண்டு விரலுக்கே வந்துவிட்டது. மோந்து பார்த்தாள். பலராமன் பக்கம் நகர்த்தினாள்.

அவரும் மோந்து பார்த்தார்.

ஏலக்காய் வாசனை.

"டீ," என்றார். "இது டீ."

சவரிநாதன் தலையைச் சொறிந்தார்.

"பிரமோஷன் அன்னைக்கு நீ திறப்பேன்னு பார்த்தேன், திறக்கலை. அந்த மே மாசம் நீங்க குடும்பத்தோட திருச்செந்தூர் போனப்ப, செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி குடுத்தீங்கள்ல. எதிர்ல உனக்கும் ஒரு கிளாஸ் வெச்சு, சியர்ஸ் சொல்லித்தான்டா குடிச்சேன்."

"என் கிளாஸ்?"

"அதையும் நான்தான் குடிச்சேன்."

பலராமன் பாட்டிலைக் காட்டினார். அப்படியென்றால் இந்த டீ?

அது கோமதி தங்கச்சி யோசனை என்றார் சவரிநாதன். காலி பாட்டில் கனம் காட்டிக்கொடுத்துவிடுமாம். பூஞ்சை பிடிக்காமல் மாதாமாதம் புதுசாகப் போட்டு ஊற்றுவதும் அதுதானாம். பாட்டில் வெளியே போகிறதென்றால் இன்று காலையில்கூட மாற்றியிருக்குமாம்.

பெண்டாட்டி பேரைக் கேட்டதும் பலராமனுக்கு வாய் திறந்தது. திறந்தது திறந்தபடியே நின்றது.

பிலோமினா ஷேக்கரில் ஐஸ் போட்டாள். அந்த டீயை ஊற்றினாள். எலுமிச்சை, இஞ்சிச் சாறு, கொஞ்சம் தேன். காதோரம் தூக்கிக் குலுக்கினாள். நீளக்கால் கிளாஸ் மூன்றில் ஊற்றி, ஒன்றைச் சவரிநாதன் முன்னால் வைத்தாள்.

"டாக்டர் இதையும் வேண்டாம்னாரா?"

"டீயையா? சொல்லலையே." சவரிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பில்தான். கிளாசைத் தூக்கிக் கூட்டாளிக்காகக் காத்திருந்தார்.

பலராமன் வாய் மூடவில்லை.

பிலோமினா தன் மோதிர விரலை அவர் கிளாசில் நனைத்தாள். மூன்று சொட்டு சுண்டினாள்.

தரையில் இல்லை. அவர் மூக்கின்மேல்.