தூணுக்குப் பதில் நின்ற பூதம்

முன்னொரு காலத்தில், பூதங்களும் மனிதர்களும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மேழிபுரத்தை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டான். கோயிலுக்குப் பெரிய மண்டபம் கட்டினான். கட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தால், நடுத்தூண் சாமியை மறைத்தது.

“எடு தூணை!” என்றான்.

எடுத்தால் கூரை நிற்குமா? அதற்கும் ஒரு மந்திரவாதி கிடைத்தான். காட்டில் தேன் குடித்துக்கொண்டு சும்மா கிடந்த பூதத்தைப் பிடித்துவந்து, சாமியை மறைக்காதபடி பக்கச்சுவரின் மேல், கூரைக்கடியில் நிறுத்திக் கல்லாக்கினான். “கனக்கிறதா என்று எவராவது கேட்டால் உனக்கு விடுதலை. பூதத்தை எவன் கேட்பான்?” என்று சிரித்தான், பாவி!

வந்தவர்கள் பார்த்தார்கள், பயந்தார்கள், போனார்கள். “முழியைப் பாரு, முழுங்கிடும்!” என்று பிள்ளைகளை மிரட்டிச் சோறு ஊட்டினார்கள். பாரம் தாங்காமல் பிதுங்கிய முழி ஐயா அது!

மண்டபத்தில் ஒட்டடை அடிக்கும் அரியநாச்சிக்கு மட்டும் அது புரிந்தது. விறகுக்கட்டோடு வரும் அவள் அம்மா முகமும் அப்படித்தான் இருக்கும். ஒரு திருவிழாக் காலையில் ஏணியில் ஏறிப் பூதத்தின் மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: “ரொம்பக் கனக்குதாண்ணே?”

அவ்வளவுதான். கல் சதையானது. பூதம் தும்மியது. கூரை ஆடியது. கீழே ஊரே நின்றது, அரசனும் நின்றான்.

“தங்கச்சி, என் கட்டு அவிழ்ந்துபோச்சு. நான் போகலாம்.”

“போனா?”

“கூரை விழும்.”

அரசன் கூரையை அண்ணாந்து பார்த்தான். பூதம் அவனைப் பார்த்தது, பிள்ளைகளைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது. “சீக்கிரம் தூணைக் கொண்டாங்க. அதுவரைக்கும் தாங்குறேன்.”

அன்று எடுத்து வெளியே போட்ட தூணை ஊரே தூக்கியது. அரசனும் தோள் கொடுத்தான். நாலடி வைப்பதற்குள் அவனுக்கும் முழி பிதுங்கியது. அதே முழி!

தூண் நின்றது. பூதம் இறங்கியது. மந்திரவாதி எப்போதோ ஓடிவிட்டான்.

“மன்னித்துவிடு. பொன் வேண்டுமா, பூமி வேண்டுமா?” என்றான் அரசன்.

“இத்தனை வருஷம் கோயிலுக்குள்ளேயே நின்னேன். வாசலைப் பார்த்து நிறுத்திட்டீங்க. சாமியை ஒரு தடவை பார்க்கணும்.”

கூட்டம் விலகி வழிவிட்டது. பூதம் கைகூப்பி அழுதது. அரசன் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டான்.

அன்றிலிருந்து அரியநாச்சியின் அம்மா விறகு சுமக்கவில்லை. பூதமே காட்டிலிருந்து கொண்டுவந்து வாசலில் போடும். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா மறக்காமல் கேட்பாள்: “கனக்குதா, தம்பி?”

“இல்லம்மா, இதெல்லாம் ஒரு கனமா!”