பாதிப் பந்தியில் எடுத்த இலை

சிறுமலை அடிவாரத்தில் ஒரு மடம். அதன் குரு பூங்கோதை அம்மையாருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவருடைய சீடர் கதிரேசனோ மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, மாலை நேரத்தைக் கணினி விளையாட்டில்தான் கழித்துவந்தார்.

ஒருநாள் மதியப் பந்தியில் கதிரேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

“என்ன ஐயா, சோறு இறங்கலையா?” என்றார் அம்மையார்.

“வயிறு எரியுதும்மா. காசு குடுத்து வாங்கின கேம். நேத்து திறந்தா, கம்பெனிக்காரன் மூடிட்டான். ஊரு ஊரா கட்டி வெச்சிருந்தேன். குளம் வெட்டியிருந்தேன். ஒரு தெருவுக்கு என் வீட்டுக்காரி பேரைக்கூட வெச்சிருந்தேன். ஒண்ணும் இல்லை.”

“வாங்கினது உங்களுதுதானே?”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். கேட்டா, நீங்க வாங்கினது கேம் இல்லை, விளையாடுற அனுமதி மட்டும்தான்கிறான். காசு வாங்கும்போது ‘வாங்கு’ன்னுதானேம்மா பட்டன் வெச்சிருந்தான்?”

பட்டப்பகல் கொள்ளைதான். கத்தியைக் காட்டிப் பறித்தால் திருடன் என்கிறோம், நிபந்தனையைக் காட்டிப் பறிப்பவனுக்குப் பேரே இல்லை.

பக்கத்து இலையில் மூத்த சீடர் அருணகிரி உட்கார்ந்திருந்தார். வேதாந்தத்தைக் கரைத்துக் குடித்தவர். சாம்பார் சாதத்தை ஒரு கவளம் உருட்டிக்கொண்டே, “நம்மளுதுன்னு உலகத்துல என்ன இருக்கு? எல்லாம் மாயை. கோபத்தை விடுங்க,” என்றார்.

கதிரேசன் தலை குனிந்தார்.

அம்மையார் எழுந்தார். அருணகிரியின் இலையைச் சோற்றோடு எடுத்துப்போய் மாட்டின் முன்னால் வைத்துவிட்டு வந்தார்.



“என்னம்மா இது? ரசம்கூட வரலை,” என்றார் அருணகிரி. “சாப்பிடுறவன் இலையை எடுக்குறது மனுஷங்க செய்யற காரியமா?”

“இலை மாயைதானே?”

“பசி மாயை இல்லையே.”

“அப்ப இவரோட வயித்தெரிச்சல் மட்டும் எப்படி மாயை? அந்த வேதாந்தத்தை, கேமைப் பறிச்சவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. பறிகொடுத்தவர்கிட்ட என்னத்துக்கு?”

அம்மையாரே அருணகிரிக்கு வேறு இலை போட்டு, முதலிலிருந்து பரிமாறினார்.

கதிரேசனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “அப்ப என் கோபம் நியாயந்தானேம்மா?”

“நியாயந்தான். யார் சொன்னாலும் விடாதீங்க.”

அந்தத் தெம்பில் கதிரேசன் இடது கையால் போனை எடுத்தார்.

“இதைப் பாருங்கம்மா. என்னைச் சமாதானப்படுத்த அந்தக் கம்பெனிக்காரனே கூப்பன் அனுப்பியிருக்கான். அந்தக் கேமோட அடுத்த பாகம், பாதி விலை, இன்னைக்கு மட்டும்தான். தள்ளுபடின்னு வாங்கிப்போட்டுத் திறக்காததே ஏகப்பட்டது கிடக்கு. இருந்தாலும் விட மனசு வரலை.”

அவருடைய கட்டைவிரல் பட்டனுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

அம்மையார் ரசவாளியைக் கீழே வைத்தார்.

“உங்க இலையை உருவினவன் வீட்டுலேயே அடுத்த பந்திக்கும் முதல் ஆளா இடம் பிடிக்கிறீங்களே ஐயா. அவன் எடுக்கத்தான் செய்வான்.”