ராஜா முகம் கோணிய காசு

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முன்னால், மணிக்குடி என்று ஒரு நகரம் இருந்தது. அதை ஆண்டவன் கோதண்டவர்மன். நல்ல ராஜாதான். வரியை அள்ளிக் குவிக்கவில்லை, வீண் சண்டைக்குப் போகவில்லை, பாட்டெழுதி யாரையும் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு பைத்தியம்தான் அவனுக்கு. தன் முகம் பதித்த பொற்காசுகளில் ஏதாவது ஒன்று அச்சு பிசகி வந்துவிட்டால், அதைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பான்.

"ஒழுங்கான காசு ஊரெல்லாம் கிடக்கிறது. பிசகிய காசு அபூர்வம். அபூர்வமானதுக்குத்தானே விலை?" என்பது அவன் கட்சி.

ஆகவே முரசு அறைந்தார்கள். அச்சுப் பிழை உள்ள காசு ஒன்று கொடுத்தால் பத்துக் காசு பரிசு. ஆனால் கையால் கெடுத்த காசைக் கொண்டுவந்து பிழை என்று ஏய்த்தால், காசும் போகும், முதுகுத் தோலும் போகும்.

பிழை எது, சேதம் எது என்று சொல்ல ஆள் வேண்டுமே? அரண்மனையில் நாணயம் பார்ப்பவன் ஒருவன் இருந்தான். பெயர் கச்சபேசன். அதுவரை கருவூலத்தின் ஒரு மூலையில் தராசோடு உட்கார்ந்திருந்த அவனை ஈ கூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது அவன் வாயசைவுக்கு ஊரே காத்து நின்றது.

முதலில் ஒரு தயிர்க்காரி வந்தாள். அவள் காசில் ராஜாவின் கன்னத்தில் ஒரு கோடு. கச்சபேசன் நகத்தால் வருடினான். நகம் கோட்டுக்குள் இறங்கியது. "இது கீறல், அம்மா. எருமை மிதித்ததோ, கல் உரசியதோ, பொன் பள்ளமாகிவிட்டது. எடுத்துப் போ, உன் மேல் குற்றமில்லை" என்றான்.

அடுத்து ஒரு எண்ணெய் வணிகன் வந்தான். அவன் காசிலும் கன்னத்தில் கோடு. ஆனால் நகம் கோட்டின் மேல் ஏறியது. "அச்சு விரிசல் விட்டிருக்கிறது. விரிசலுக்குள் பொன் புகுந்து மேடாக நிற்கிறது. இது பிழை. பத்துக் காசு கொடுங்கள்!" என்றான்.

மூன்றாவதாக ஒரு சூதாடி. அவன் காசில் ராஜாவுக்கு இரண்டு முகம். கச்சபேசன் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துச் சிரித்தான். "தம்பி, இரண்டாவது முகம் இடம் வலமாக மாறி, குழியாக அமுங்கிக் கிடக்கிறதே! ஒரு காசின் மேல் இன்னொன்றை வைத்துச் சம்மட்டியால் அடித்தாயா?" சூதாடியின் முதுகு அன்று பெரிதும் வருந்தியது.

கச்சபேசன் புகழ் பரவியது. ராஜா அவனுக்குப் பல்லக்குக் கொடுத்தான். கடைவீதியில் பல்லக்கு போகும்போது பெரிய பெரிய வணிகர்கள் எழுந்து நின்றார்கள். அது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதையெல்லாம் இன்னொருவனும் கவனித்துக்கொண்டிருந்தான். அவன் விடங்கன், காசு அடிக்கும் தங்கசாலையின் தலைவன். 'சரியாக அடித்தால் ஒன்று, தப்பாக அடித்தால் பத்து. சரியாக அடிக்க நான் என்ன முட்டாளா?' என்று அவன் யோசித்தான்.

அன்றிலிருந்து தங்கசாலையில் பிழைகள் பெருகின. மூன்று காது ராஜா வந்தான். கண்ணில்லா ராஜா வந்தான். கழுத்தில் முகமும் நெற்றியில் வாயுமாக ஒரு ராஜா வந்தான். விடங்கனின் மாமன், மச்சான், மருமகன் எல்லாரும் கொண்டுவந்தார்கள். எல்லாமே அச்சில் பிறந்த கோளாறுகள். நகம் வைத்துப் பார்த்தால் அத்தனையும் பிழைதான். கச்சபேசன் "பிழை, பிழை, பிழை" என்றான். கருவூலம் பத்துப் பத்தாகக் கொட்டியது. ராஜாவோ, தன் முகத்துக்கு இத்தனை அழகுகளா என்று அண்டா அண்டாவாக நிரப்பிக்கொண்டிருந்தான்.

ஒரு மதியம் விடங்கன், கண்டும் காணாமல் இருக்கச் சொல்லி, ஒரு பொன்முடிப்போடு கச்சபேசன் வீட்டுக்கு வந்தான். கச்சபேசன் முடிப்பைத் தெருவில் வீசினான். வீசிவிட்டு உள்ளே வந்து, மனைவி வடிவுடையாளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "நான் விலைபோகிறவன் இல்லை!"

"சரி. இவன் வேண்டுமென்றே தப்பாக அடிக்கிறான் என்று ராஜாவிடம் சொன்னீர்களா?"

"ராஜா என்னிடம் காசைப் பற்றித்தான் கேட்கிறார். ஆளைப் பற்றிக் கேட்கவில்லையே."

"அப்படியா? பல்லக்கு வாசலில் காத்திருக்கிறது, போய் ஏறுங்கள்" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்று பல்லக்கில் அவனுக்கு முதுகு சாயவில்லை.

அந்த வேளையில்தான் எல்லையில் பகைவர் படை கூடியது. குதிரை வேண்டும். கப்பலில் வந்த குதிரை வணிகர்களிடம் காசை நீட்டினார்கள். அவர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். "இதில் மூன்று காது, அதில் கண்ணே இல்லை, இன்னொன்றில் வாய் மேலே இருக்கிறது. இவர்களில் யார் உங்கள் ராஜா? ஆளை முடிவு செய்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள்" என்று குதிரைகளைக் கப்பலிலேயே கட்டி வைத்தார்கள். ஒழுங்கான காசைத் தேடினால் கருவூலத்தில் ஒன்றும் இல்லை. பரிசாகப் போனவை எல்லாம் தங்கசாலையில் உருகி, பிழையாகத் திரும்பி வந்திருந்தன.

ராஜா சபையைக் கூட்டினான். ஒரு பிடி காசை அள்ளி வைத்து, "கச்சபேசா, இவை பிழையா, சேதமா?" என்று கேட்டான்.

"நகம் வைத்துப் பார்க்கட்டுமே, அரசே" என்றான் விடங்கன், நிம்மதியாக.

கச்சபேசன் காசைத் தொடவே இல்லை. "அரசே, காசைக் கேட்டால் பிழை. கையைக் கேட்டால் சேதம். தெரிந்தே செய்த பிழைக்குச் சேதம் என்றுதான் பெயர்."

"யார் கை?"

"மூன்று கைகள். வேண்டுமென்றே அச்சைக் கெடுத்தது விடங்கன் கை. தெரிந்தும் என் வாயைப் பொத்தியது என் கை. ஒவ்வொரு பிழைக்கும் பத்துக் காசு எடுத்து நீட்டியது..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

ராஜா தன் வலக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடங்கன் சொத்தெல்லாம் கருவூலத்துக்குப் போயிற்று. அவன் யானைக் கொட்டிலில் சாணம் அள்ளப் போனான். கச்சபேசனின் பல்லக்கு பறிபோனது. உச்சி வெயிலில் நடந்தே வீடு சேர்ந்தான். மூன்றாவது கைக்கு என்ன தண்டனை என்று கேட்க யாருக்கும் நாக்கு எழவில்லை. ஆனால் ராஜா ஆசை ஆசையாய்ச் சேர்த்த அண்டாக்கள் அத்தனையும், அவன் கண் எதிரிலேயே உலையில் போயின. அந்தப் பொன்னில் ஒழுங்காக அடித்த காசுக்குக் குதிரைகள் வந்து இறங்கின. குதிரைகளைப் பார்த்த பகைவர் படை வந்த வழியே கலைந்தது.

புதிய அச்சில் அடித்த பழுதில்லாத காசு ஒன்றை ராஜாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராஜா அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு கச்சபேசனை அருகே அழைத்து, காதோடு காதாகக் கேட்டான்:

"மூக்கு கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறதே. இது பிழைதானே?"

"இல்லை, அரசே" என்றான் கச்சபேசன். "அச்சு மிகச் சரியாக இருக்கிறது."

ஆகவே கேட்டவர்களே, தப்புக்குப் பரிசு கொடுக்கிறவன் வீட்டில் தப்புதான் விளையும். விளைந்த பிறகு விதையைக் குறை சொல்லிப் பயனில்லை.