திருப்பி அனுப்பப்பட்ட ஒன்பது கடற்கரைகள்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

ஆசிரமம் என்று பெயர்தான். வள்ளியூருக்குக் கிழக்கே, பனைகளுக்கு நடுவே இரண்டு தகரக் கொட்டகை. சீடர் சென்னியப்பன் கோயம்புத்தூர்க்காரர். பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்ப்பவர். ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் மீட்டரை நீட்டுவார். இரைச்சல் எழுபது டெசிபெல்லைத் தாண்டினால் மோட்டார் திரும்பிப் போகும். முப்பது வருஷமாக இதே வேலை.

அன்று காலை வேர்த்து வழிய வந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க."

குரு நுங்கு சீவிக்கொண்டிருந்தார். "கேளும்."

"இருக்கறதுலயே அமைதியான கடற்கரை எதுங்க?"

"எதுக்கு?"

"பத்து நாள் லீவு போட்டிருக்கேனுங்க. கல்யாணமாகி இருபத்தொம்பது வருசம். வீட்டுக்காரி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கடல் பக்கம் போயி சும்மா உக்காரணும். கூட்டம் இருக்கக்கூடாது, சத்தம் இருக்கக்கூடாது, நல்ல இடமா இருக்கணும்னு தேடறேன்."

"தேடும்."

"தேடிட்டேனுங்க. ஒம்பது இடம் பாத்தாச்சு. ஒண்ணும் தேறல."

"ஏன்?"

சென்னியப்பன் போனை எடுத்தார். மீட்டர் இப்போது போனிலேயே வந்துவிட்டது. பட்டியல் வாசித்தார். மேற்குக் கரையில் தென்னந்தோப்பு, வெள்ளை மணல், ஓர் ஆள் கிடையாது. எழுபத்திரண்டு. அதற்கடுத்த ஊர், பாறை மறைவில் சின்னக் குடா. எழுபத்தாறு. கிழக்கே ஒரு கழிமுகம். அறுபத்தொன்பது என்று நம்பிக்கை கொடுத்துவிட்டு எழுபத்தொன்று காட்டியது.

"ஆள் இல்லாத இடத்துல சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"அலைங்க சாமி."

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

"கடலைத் திருப்பி அனுப்பிட்டீர்."

"ஒம்பது தடவைங்க," என்றார் சென்னியப்பன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"அவ எங்கீங்க பாத்தா? நாகர்கோவில்ல லாட்ஜுல உக்கார வெச்சிருந்தேன். முதல்ல நான் போயிப் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போலாம்னு."

"எத்தனை நாளா?"

"ஆறு."

குரு நுங்கை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இன்னைக்குக் காலையில சொல்லிட்டாளுங்க. இன்னைக்குக் கடல் இல்லன்னா சாயங்கால ரயில்ல ஊருக்குப் போயிருவாளாம். இனிமே கடல்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டாளாம். திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதான் பயமா இருக்குது. நீங்களே ஒரு இடம் சொல்லிப்போடுங்க சாமி."

"இப்ப எங்கே அவங்க?"

"கேட்டுக்கு வெளியில. பெட்டி மேல உக்காந்திருக்கா."

குரு எழுந்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சென்னியப்பன் பின்னால் ஓடினார்.

மயிலாத்தாள் பெட்டிமேல் உட்கார்ந்து பதநீர் குடித்துக்கொண்டிருந்தாள். விற்பவரிடம் பனை ஏறுவதைப் பற்றி விசாரணை. குருவைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

"கடல் பார்த்திருக்கீங்களா அம்மா?"

"பன்னெண்டு வயசுல பள்ளிக்கூடத்துல கன்னியாகுமரி கூட்டிட்டு வந்தாங்க சாமி. பஸ்ஸு லேட்டு. எறங்கி ஓடுனேன். இந்தக் கட்டைவிரல் நனைஞ்சுது. வாத்தியாரு விசில் ஊதிப்போட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஏது? ஒரு விரல்தானுங்க கடலப் பாத்துது."

சென்னியப்பன் திரும்பினார். "நீ இதச் சொல்லவே இல்லையே!"

"சொன்னேனுங்க. ரெண்டு தடவ."

பதநீர்க்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தூரத்தில் புழுதி தெரிந்தது. டவுன் பஸ். குரு சாலை நடுவில் போய்க் கையை நீட்டினார். பஸ் முனகிக்கொண்டு நின்றது.

"எங்கேய்யா போகுது?"

"சிப்பிவிளை," என்றார் கண்டக்டர். "அதுக்கு மேல கடல். பஸ் போவாது."

"அம்மா, ஏறுங்க."

மயிலாத்தாள் மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியை உள்ளே தள்ளினாள், சேலையை இழுத்துச் செருகினாள், ஏறிவிட்டாள். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துப் பக்கத்தில் துண்டும் போட்டாள்.

சென்னியப்பன் படிக்கட்டில் ஒரு கால், மண்ணில் ஒரு கால்.

"சாமி, அந்த ஊரு எப்படி இருக்கும்?"

"தெரியாது."

"நீங்க போனதில்லையா?"

"இல்ல. போனைக் கொடுத்துட்டுப் போம்."

"போனுங்களா? அதுலதான..."

குரு கையை நீட்டியபடி நின்றார். கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, ஏறுதீரா, இல்ல பஸ்ஸுக்குப் பூசை போடுதீரா?"

போன் கைமாறியது. பஸ் நகர்ந்தது. சென்னியப்பன் நாலு எட்டு ஓடித்தான் ஏறினார். உள்ளே யாரோ கைதட்டினார்கள். மயிலாத்தாள்தான்.

நான்காம் நாள் காலை சென்னியப்பன் வந்தார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. வேட்டி மடிப்பிலிருந்து மணல் கொட்டியது.

"அம்மா எங்கே?"

"கேட்டுக்கு வெளியில நிக்கறா. ஒரு பை கருவாடு வாங்கியிருக்கா, அதான் உள்ள வர மாட்டேங்கறா."

"ஊர் எப்படி?"

"அதக் கேக்காதீங்க சாமி! போயி எறங்கறோம், அம்மன் கோயில் கொடை விழா. பந்தல், மேளம், வில்லுப்பாட்டு. தென்னை மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கான். எங்களுக்கு ரூம்பு குடுத்த வீட்டு மொட்டமாடியில ஒண்ணு. ஜெனரேட்டரு வாசல்ல. மோட்டார் டெஸ்ட் பண்ற எடத்துலகூட நான் அப்படிக் கேட்டதில்லீங்க."

"வேற ஊருக்குப் போக வேண்டியதுதானே?"

"சொல்லிப் பாத்தேன். எறங்குன நேரத்துலருந்து இடுப்பளவு தண்ணியில நிக்கறா. மேல வரச் சொன்னா என்மேல தண்ணிய அடிக்கறா. அப்புறம் நானும் எறங்கிட்டேன்."

"மூணு நாளும் தண்ணிதானா?"

"தண்ணி, மணலு, பொங்கச்சோறு. மத்த நேரமெல்லாம் பேச்சு. இவ இவ்வளவு பேசுவான்னு எனக்குத் தெரியாதுங்க."

"என்ன பேச்சு?"

சென்னியப்பன் தரையில் உட்கார்ந்தார். அவள் சின்ன வயதில் கன்றுக்குட்டி ஒன்று கிணற்றில் விழுந்ததாம். கயிறை அவிழ்த்துவிட்டது அவள்தான். இன்றுவரை அண்ணனுக்குத் தெரியாதாம். கல்யாணமான புதிதில் கம்பெனிக் குடியிருப்புச் சுவரில் ஒரு பல்லி இருந்ததாம். மூன்று மாதம் அதோடுதான் பேசினாளாம். இவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இட்லி வாங்கிக் கொடுத்தாளாம், அந்த நர்ஸம்மா பெயர்கூடச் சொன்னாளாம், பிலோமினா. அரிசி டிரம்முக்குப் பின்னால் இவர் பீடி ஒளித்து வைப்பது பத்து வருஷமாகத் தெரியுமாம்.

"பத்து வருசம் சாமி! ஒரு வார்த்த கேட்டதில்ல. நடுவுல பீடிக்கட்டு நனைஞ்சிரும்னு தள்ளி வேற வெச்சிருக்கா."

சொல்லச் சொல்ல அவருக்கு இன்னும் நினைவு வந்தது. கையை ஆட்டிச் சொன்னார். மயிலாத்தாள் மாதிரியே குரலை இழுத்துச் சொன்னார். வெயில் கொட்டகைக்குள் வந்து அவர் முழங்கால்வரை ஏறிவிட்டது. கடைசியில் குரு போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சென்னியப்பன் அதைப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த கதையைத் தொடங்கினார்.

"ஓய்," என்றார் குரு.

"சாமி?"

"ஸ்பீக்கர் எங்கே இருந்துச்சுன்னீர்?"

"தலைக்கு மேலீங்க."

"மேளம்?"

"அது பத்தடியில."

"அப்புறம் எப்படி ஓய் இதெல்லாம் காதுல விழுந்துச்சு?"

சென்னியப்பன் கேட்டுப் பக்கம் நின்ற மயிலாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்.